கருப்பட்டியா, மாத்திரையா, அடியோட விடுறதா? இனிப்பை என்ன பண்ணலாம்னு ஒரு கணக்கப்பிள்ளை போட்ட கணக்கு

போன தை மாசம், பொங்கல் கழிஞ்ச நாலாம் நாள், ஒரு முகாம்ல கைய நீட்டி ரத்தம் குடுத்தேன், மூணு மாச சுகர்னு சொல்வாகளே அந்த ஹெச்பிஏ1சி டெஸ்ட், 6.2ன்னு வந்துச்சு. டாக்டரம்மா தாளைப் பார்த்துட்டு "5.7க்குக் கீழ இருந்தா ஒண்ணுமில்ல, 6.5 தொட்டா சுகர், நீங்க வாசப்படியில நிக்கிறீங்க, உள்ள வந்துராதீங்க"ன்னாக. நாட்டுல வாசப்படியில நிக்கிற கூட்டம் மட்டும் 13 கோடிக்கு மேல, உள்ள போயிட்டவக 10 கோடிப் பேருன்னு 2023-ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஎம்ஆர்) ஆய்வு வந்துச்சுல்ல, அந்த 13 கோடியில நானும் ஒரு ஆளு.

எனக்கு வயசு 44, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ல ஒரு மீன் கம்பெனியில கணக்கப்பிள்ளை, வீடு உச்சிப்புளி. இதுல கூத்து என்னன்னா என் சாப்பாடு ஒண்ணும் மோசம் கிடையாது. காலையில கூழு இல்லாட்டி இட்லி, மதியம் அளவாச் சோறு, மீனுக்குப் பஞ்சமே இல்ல, காரப்பொடியும் நகரையும் கைக்கே வந்துரும், முருங்கை கொல்லையில நிக்குது. இம்புட்டையும் ஒழுங்கா தின்னுட்டு சாயங்காலம் நாலு மணி ஆனா கை தன்னால சீனிச்சேவு பொட்டலத்தப் பிரிக்கும், ஒரு பன்னு, ஒரு டீ, வெயிலு ஜாஸ்தின்னா ஒரு கலரு, அதான் பாட்டில் சோடா. பகல் பூரா கட்டுன வலைய சாயங்காலம் நானே அறுத்து விடுற மாதிரி.

சரி இனிப்பை என்ன பண்றதுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொன்னாக. வீட்டுக்காரி "அடியோட நிறுத்துங்க"ன்னா, மாமனார் "சீனிதான் விசம், கருப்பட்டிக்கு மாறுங்க மாப்ள"ன்னாக, கம்பெனியில கூட வேலை பார்க்குற தம்பி சீனிக்குப் பதிலா டீயில போடுற இனிப்பு மாத்திரை டப்பாவை ஆட்டிக் காட்டுனான், கீழக்கரை பாய் ஒருத்தரு "பேரீச்சம்பழம் தின்னுங்க, அது பழம்தானே"ன்னாரு. ஏழு மாசத்துல இது எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பண்ணிப் பார்த்துட்டேன். என்ன மாதிரி வாசப்படியில நிக்கிறவகளுக்குத்தான் இத எழுதுறேன், ஏற்கனவே சுகர் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ போடுறவக இதப் பார்த்து எதையும் மாத்தாதீங்க, உங்களுக்கு சுகர் திடீர்னு இறங்கிருச்சுன்னா அந்த நேரத்துல சீனிதான் மருந்து, சட்டைப்பையில இருக்கணும், உங்க கணக்கு வேற, டாக்டர்கிட்டதான் கேக்கணும்.

முதல்ல அடியோட விட்டேன். 23 நாள். முதல் வாரம் தலைவலி, சின்னப் பயலுக மேலெல்லாம் எரிஞ்சு விழுந்தேன், ரெண்டாவது வாரம் பரவாயில்ல, மூணாவது வாரம் எனக்கு ஒரு திமிரே வந்துருச்சு, டீக்கடையில பன்னு திங்கிறவன பாவமா பார்த்தேன். 24-ஆம் நாள் கீழக்கரையில அந்த பாய் வீட்டுக் கல்யாணம். முந்தின நாள் ராத்திரியே போயிட்டேன், அதுதான் நான் பண்ணுன தப்பு, ஏன்னா அன்னைக்குத்தான் தொதல் கிண்டுறாக.

தொதல் கிண்டுறதப் பார்க்காதவகளுக்குச் சொல்றேன். விறகடுப்புல பெரிய சட்டி, தேங்காய்ப்பால், கருப்பட்டி, மாவு, முந்திரி, ரெண்டு ஆளு துடுப்பு மாதிரி மரக்கட்டையப் பிடிச்சு மாத்தி மாத்தி மணிக்கணக்குல கிண்டணும், கைய விட்டா அடி பிடிச்சிரும். தேங்காய்ப்பால்ல இருந்து எண்ணெய் கக்கி, அந்தக் கருப்புக் குழம்பு சட்டிய விட்டு வழுக்கிக்கிட்டு உருளும் பாருங்க, அந்த நேரம் தெருவு முழுக்க வாசம். மலேசியா, இந்தோனேசியாவுல இதையே டோடோல்ங்கிறாக, இலங்கையிலயும் தொதல்தான், கப்பல் போன கரையிலெல்லாம் இந்தப் பண்டம் இருக்கு. "சூட்டோட ஒரு வாய் பாருங்க"ன்னு பாய் வாழையிலைத் துண்டுல வச்சு நீட்டுறாரு. நான் என்ன சொல்ல? அன்னைக்கு ராத்திரி மூணு துண்டு, மறுநாள் சகன்ல (பல பேரு ஒண்ணாச் சேர்ந்து திங்கிற பெரிய தட்டு) உக்காந்து நெய்ச்சோறோட இன்னும் ரெண்டு, வரும்போது பொட்டலம் வேற, அது பஸ்சு ராமநாதபுரம் வர்றதுக்குள்ள காலி. அதோட விடல, அடுத்த நாலு நாளும் "எப்படியும் கெட்டுப்போச்சு, இனிமே என்ன"ன்னு கண்டதையும் தின்னேன்.

அடியோட விடுறது தப்புன்னு நான் சொல்லல, சில பேருக்கு அதுதான் சரி, ஒரு துண்டு வாயில பட்டா டப்பா முடியாம எந்திரிக்க மாட்டேன்னு இருக்குறவக அடியோட விடுறதே நிம்மதி. ஆனா நம்ம பக்கம் மாசத்துக்கு ஒரு சடங்கு, ஒரு தர்கா கந்தூரி, ஒரு கொடியேத்தம், ஒரு காதுகுத்துன்னு வந்துக்கிட்டே இருக்கும், அங்கெல்லாம் வேணாம்னு கைய மறிச்சா குடுக்குறவக முகம் சுருங்கிப்போகும். எனக்கு அந்த முகத்தப் பார்த்துட்டு வர்ற தெம்பு இல்ல.

அடுத்தது கருப்பட்டி. இதப் பத்தி எழுதத்தான் எனக்கு பயமா இருக்கு, ஏன்னா மாமனார் சாயல்குடி பக்கம் பனையேறி, இன்னைக்கும் சீசன்ல காலையில ஒருவாட்டி சாயங்காலம் ஒருவாட்டி மரம் ஏறுறாக. கலயத்துல சுண்ணாம்பு தடவி பதினி (பதநீர்) இறக்கி, அத்தை அதை வடிகட்டிக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில ஊத்தி எடுக்குற கருப்பட்டி, பின்பக்கம் தடவுனா சிரட்டையோட வரி தெரியும். கடையில வாங்குறதுல சீனியக் கலந்து காய்ச்சிருவாகன்னு ஒரு பயம் உண்டு, இதுல அந்த சந்தேகம் கிடையாது, ஓலைக்கொட்டான்ல கட்டி என் வீட்டுக்கே வருது. அதனால "இது எனக்கு ஒண்ணும் பண்ணாது"ன்னு மனசார நம்பி மாசி, பங்குனி ரெண்டு மாசம் சீனிய தூக்கிப் போட்டுட்டு வீட்டுல எல்லாமே கருப்பட்டி. காலையில கருப்பட்டிக் கடுங்காப்பி (பால்ல போட்டா திரிஞ்சு போகுது, அது ஒரு தொல்லை), சாயங்காலம் கருப்பட்டிப் பணியாரம், ராத்திரி படுக்கப் போறப்ப சும்மா ஒரு சில்லு.

சித்திரை பிறந்து மறுபடி டெஸ்ட் எடுத்தா 6.3. அந்த 0.1 எல்லாம் டெஸ்ட்டுக்கு டெஸ்ட் வர்ற வித்தியாசம்தான்னு டாக்டரம்மா சொன்னாக, ஏறுனதுன்னு எடுத்துக்க வேணாம், ஆனா இறங்கலையே.

அப்பத்தான் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சிருச்சு, ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, கம்பெனியில வேலை கம்மி. இறால் கவுண்ட் பார்க்குற சின்ன டிஜிட்டல் தராசு சும்மா கிடந்துச்சு, கிலோவுக்கு எத்தனை இறால் நிக்குதுன்னு பார்க்க சாம்பிள் போடுவோமே அதுதான். அத நல்லாக் கழுவித் துடைச்சுட்டு எதுத்த டீக்கடை மாஸ்டர்கிட்ட போயி "அண்ணே, என் டீக்கு எம்புட்டு சீனி போடுவீங்களோ அத இந்தத் தட்டுல போடுங்க"ன்னேன். அவரு என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு அவரு கரண்டியில குவிச்சு அள்ளிப் போட்டாரு. 14 கிராம். நான் நாளைக்கு அஞ்சு டீ. தடைக்காலத்துல படகுத்துறையில சும்மா உக்காந்து கதை பேசுனா ஆறு. அஞ்சுன்னே வச்சுக்குங்க, 70 கிராம் சீனி, மாசத்துக்கு ரெண்டு கிலோ, நான் ஒருத்தன் டீயில மட்டும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்ன கணக்கு என்னன்னா, சேர்க்குற சீனி, தேன், ஜூஸ் எல்லாம் சேர்த்து நாம சாப்பிடுற மொத்தக் கலோரியில 10 சதவீதம் தாண்டக்கூடாது, 2,000 கலோரி சாப்பிடுறவனுக்கு அது 50 கிராம், 25 கிராமுக்குள்ள நிறுத்துனா இன்னும் நல்லது. நான் டீக்கடையிலயே 70 முடிச்சுட்டுத்தான் சீனிச்சேவுக்கே வர்றேன்.

கோவம் அதுல இல்ல. அடியோட விட்டேன்னு 23 நாள் திமிரா திரிஞ்சேனே, அப்பவும் டீ குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அது இனிப்புன்னே என் மண்டையில ஏறல, டீ டீதானே. கருப்பட்டிக்கு மாறுன ரெண்டு மாசமும் வீட்டுலதான் கருப்பட்டி, கடையில அதே 14 கிராம்.

சரின்னு தராச வீட்டுக்குக் கொண்டாந்து என் கடுங்காப்பிக்கு எம்புட்டு கருப்பட்டி தட்டிப் போடுறேன்னு நிறுத்தேன், 21 கிராம். சீனி அளவுக்கு நாக்குல சுள்ளுன்னு ஏறாது, அதனால கை கூடப் போடுது. கருப்பட்டிய எடுத்துக்கிட்டா அதுல பெரும்பங்கு சுக்ரோஸ்தான், சீனியில இருக்குற அதே சாமான், மிச்சம் கொஞ்சம் ஈரம், கொஞ்சம் தாது உப்பு. இரும்புச்சத்து இருக்கு, இல்லங்கல, ஆனா அந்த இரும்புக்காக கருப்பட்டி திங்கிறதுக்கு கொல்லையில நிக்கிற முருங்கைய ஒரு கை உருவிப் போட்டா முடிஞ்சுச்சு. பதினியும் அப்படித்தான், 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல இனிப்பு இருக்கும், நாம "விசம்"னு திட்டுற கோலா கலர்லயும் 100 மில்லிக்கு 11 கிராம் கிட்டத்தான். இத எழுதும்போதே எனக்கு கை கூசுது, பனையில தொங்குற கலயத்தையும் கடையில தொங்குற பாட்டிலையும் ஒண்ணாச் சேர்க்குறேன்னு. ருசியில, வாசத்துல, நாலு பனையேறிக் குடும்பம் பிழைக்கிறதுல பதினி எங்க, கலரு எங்க, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ரத்தத்துக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியாது.

மாமனார்கிட்ட சொன்னேன், பக்குவமாத்தான் சொன்னேன். "நான் 65 வருசமா திங்கிறேன் மாப்ள, எனக்கு என்ன வந்துச்சு"ன்னாக. வரலதான். அவுக மரம் ஏறுறாக, நான் நாற்காலி ஏறுறேன். சீனி வாங்குற இடத்துல கருப்பட்டி வாங்குங்க, நம்ம ஊரு காசு நம்ம ஊர்ல நிக்கும், அந்த அளவுல நான் கருப்பட்டி கட்சிதான். சுகருக்காக மாறுறேன்னு மட்டும் உங்களையே ஏமாத்திக்காதீங்க, நான் ஏமாத்திக்கிட்டது போதும்.

இனிப்பு மாத்திரைய ரெண்டு வாரம்தான் பார்த்தேன், அதனால சுருக்கமா சொல்றேன். சுக்ரலோஸ்னு போட்ட மாத்திரை, சீனியவிட 600 மடங்கு இனிப்பாம், அதனால தூளு அளவு போதும், சூட்டுல கெடாது, டீக்கு ஒத்து வரும். அஸ்பார்ட்டேம் போட்டதுன்னா கொதிக்க வச்சா இனிப்பு போயிரும், இறக்குன பிறகுதான் போடணும். கலோரி கிடையாது, சுகர் ஏத்தாது, உண்மைதான், ஏற்கனவே சுகர் இருந்து டீயில இனிப்பு இல்லாம முடியவே முடியாதுங்கிறவகளுக்கு இது ஒரு வழி. எனக்கு என்ன ஆச்சுன்னா டீ கசகசன்னு நாக்குல கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, அதோட "டீயில சீனி இல்லையே"ன்னு ஒரு பன்னு சேர்த்துத் தின்னேன், மனுச புத்தி. 2023 மே மாசம் உலக சுகாதார நிறுவனமே உடம்பு எடையக் குறைக்க இந்த மாதிரி இனிப்புகளை நம்பாதீங்கன்னு பரிந்துரை விட்டுச்சு (ஏற்கனவே சுகர் உள்ளவகளுக்கு அந்தப் பரிந்துரை இல்ல), ரொம்ப நாள் போட்டா நாக்கு அந்த உச்ச இனிப்புலயே நின்னுருதோன்னு எனக்கும் படுது.

இதுல ஒரு கிளைக்கதை. சீனி போடாத ஸ்வீட்டுன்னு ஒரு டவுன் கடையில அரைக்கிலோ வாங்கியாந்தேன், வெலை ரெண்டு மடங்கு, சீனிதான் இல்லையேன்னு ஒரே மூச்சுல ஏழெட்டுத் தின்னேன். ராத்திரி பூரா கொல்லைக்கும் வீட்டுக்கும் நடை. டப்பாவத் திருப்பிப் பார்த்தா மால்டிடால்னு போட்டிருக்கு, அது கூடப் போனா வயித்த இளக்கும், கலோரியும் சீனியில பாதி அளவு இருக்கு, நெய்யும் மாவும் தனி. வீட்டுக்காரி மறுநாள் காலையில ஒண்ணும் கேக்கல, சுக்குக் காப்பி மட்டும் வச்சா, அதுல கருப்பட்டி போடல.

பழம். இது நல்ல வழி, ஆனா எந்தப் பழம், எப்படிங்கிறதுல இருக்கு. பேரீச்சம்பழத்துல எடையில மூணுல ரெண்டு பங்கு இனிப்புதான், நார்ச்சத்து இருக்குறதால சீனி மாதிரி வெறும் இனிப்பு இல்ல, ரெண்டு தின்னா சரி, வளைகுடாவுல இருந்து வர்ற டப்பாவை மடியில வச்சுக்கிட்டு டிவி பார்த்தா சரியில்ல. பழத்த ஜூஸ் போட்டுக் குடிக்கிறது வேண்டாத வேலை, நார் போயிரும், நாலு பழத்து இனிப்பு ஒரு கிளாசுல உள்ள போகும், அதுல சீனி வேற.

நமக்குன்னு கடவுள் குடுத்தது நுங்கு. பெரும்பகுதி தண்ணி, இனிப்பு லேசு, தடைக்காலமும் நுங்கு சீசனும் ஒண்ணா வருது பாருங்க, படகுத்துறையில சும்மா உக்காந்து ஆறாவது டீ குடிக்கிற நேரத்துல மூணு நுங்க நோண்டித் தின்னா வயிறும் நிறையும் வாயும் ஆறும், மேல்தோலோட தின்னா இன்னும் நல்லது, துவர்க்கும், பழகிரும். ரோட்டோரம் நுங்கு சர்பத்துன்னு பாகு ஊத்தித் தர்றாக பாருங்க, அத மட்டும் வாங்காதீங்க, நுங்கோட நல்லதெல்லாம் அந்தப் பாகுல முங்கிப் போச்சு. தை மாசம்னா பனங்கிழங்கு, மஞ்சப்பொடி போட்டு அவிச்சது, நாரு உரிச்சுக்கிட்டே மெல்லணும், ஒரு கிழங்கு முடிக்கவே பத்து நிமிசம் ஆகும், சீனிச்சேவு ஞாபகமே வராது. மிச்ச மாசத்துக்கு என்ன பண்றதுன்னா கொய்யா, நிலக்கடலை, அம்புட்டுத்தான், பெருசா ஒண்ணும் இல்ல. இது தனியா ஒரு வழின்னு நிக்காது, சாயங்கால நாலு மணி ஓட்டைய அடைக்கிற வேலைக்கு ஆகும்.

கடைசியா நான் எதுல நின்னேன்னா, இனிப்புன்னு பேரு வச்ச எதையும் நிறுத்தல, இனிப்புன்னு பேரு வைக்காததுல இருக்குற சீனியத்தான் வெட்டுனேன். அதாவது டீ, பன்னு, ரஸ்க்கு, கலரு, பிஸ்கட்டு, இந்த அன்றாடக் களவாணிப் பசங்க. தொதல் எடை போட்டேன், ஒரு துண்டு 50 கிராம் வந்துச்சு, அதுல பாதி இனிப்புன்னே வச்சாலும் 25 கிராம், மாசத்துக்கு ரெண்டு விசேசம், விசேசத்துக்கு ரெண்டு துண்டு, மொத்தம் 100 கிராம். டீ மட்டும் மாசத்துக்கு 2,100 கிராம். முகாம்ல இருந்து வந்ததுல இருந்து எல்லாரும் திட்டுனது தொதலத்தான், டீய ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. கணக்கப்பிள்ளையா இருந்துக்கிட்டு இத நான் ஏழு மாசத்துல மூணு மாசம் பார்க்காம விட்டது எனக்கே வெக்கம்.

டீய ஒரேயடியா சீனி இல்லாம குடிக்க முடியல, வாந்தி வந்துச்சு. மாஸ்டர்கிட்ட பேசி வாரத்துக்கு ஒரு படி இறக்குனோம், குவிச்ச கரண்டி, அப்புறம் தட்டுன கரண்டி, அப்புறம் அரை, அப்புறம் கால். "சீனி கம்மி"ன்னு சொன்னா ஒவ்வொரு கடையிலயும் ஒவ்வொரு கம்மி, அதனால "சீனி தனியா குடுங்க"ன்னு கேக்குறதுதான் சரி, சில கடையில பால்லயே சீனி போட்டுக் காய்ச்சிருவாக, அங்க கட்டஞ்சாயா (பால் ஊத்தாத டீ) குடிச்சிட்டு வந்துருங்க. ஆறு வாரம் ஆச்சு முழுசா இறங்க. இப்ப யாராவது மறந்து பழைய டீயக் குடுத்தா பாகு குடிச்ச மாதிரி இருக்கு, இது எனக்கே ஆச்சரியம்தான். அஞ்சு டீ மூணாயிருச்சு, சீனி இல்லாட்டி அஞ்சு டீ யாரு குடிப்பா.

விசேசத்துல தொதல், வட்டிலப்பம், பாயாசம் எதுவா இருந்தாலும் ரெண்டு துண்டு இல்ல ஒரு கிண்ணம், சோறும் கறியும் முடிஞ்ச பிறகு, வெறும் வயித்துல இல்ல, அப்புறம் ஒரு பத்து பதினஞ்சு நிமிசம் நடை. பொட்டலம் மட்டும் வீட்டுக்கு வராது, குடுத்தா பஸ்சுலயே பக்கத்துச் சீட்டுப் பிள்ளைக்குக் குடுத்துருவேன். இந்த வழியில உள்ள குறையையும் சொல்லிடுறேன், கணக்கு வச்சுக்கிட்டே இருக்கணும், ரெண்டு துண்டு மூணாகுறதுக்கு ஒரு நல்ல சிநேகிதக்காரர் போதும். கட்டுப்பாடு சுத்தமா வராதுங்கிறவக முதல்ல சொன்ன மாதிரி அடியோட விடுறதே மேல்.

ஆவணியில எடுத்த டெஸ்ட்டுல 5.9. டீ மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், சாயங்காலம் நடக்கவும் ஆரம்பிச்சிருந்தேன், ராத்திரிச் சாப்பாட்டையும் எட்டு மணிக்கு முன்னாடி கொண்டாந்துட்டோம். இன்னும் வாசப்படியிலதான் நிக்கிறேன், ஒரு படி கீழ. மாமனார் போன வாரம் வந்தாக, கொட்டான்ல வழக்கமா பத்துக் கருப்பட்டி கொண்டார்றவக நாலுதான் கொண்டாந்தாக, மிச்ச இடத்துல முருங்கைக்காய். ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. அடுத்த மாசம் பாய் வீட்டுல ரெண்டாவது மகளுக்கு நிக்காஹ், தொதல் கிண்டுற ராத்திரி போக மாட்டேன், மறுநாள் மதியத்துக்குப் போவேன், ரெண்டு துண்டுக்கு இப்பவே சொல்லி வச்சாச்சு.